நாட்டுப் பாதுகாப்பைக் கணக்குப் போடும்போது விடக்கூடாத பிழைகள்

2021 நவம்பரில் தென்கொரிய விமானப்படை, வானிலேயே எரிபொருள் நிரப்பும் பெரிய விமானம் ஒன்றை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அது திரும்பி வரும்போது ஏற்றி வந்தது 27,000 லீற்றர் யூரியாக் கரைசல். புதிய டீசல் லொறிகளின் புகையைச் சுத்தமாக்க அந்தக் கரைசல் வேண்டும். அது தீர்ந்துவிட்டால் லொறி ஓடாது. சொந்தமாக டாங்கியும் நீர்மூழ்கியும் கட்டி வெளியே விற்கிற நாடு, யூரியாத் தண்ணீருக்காக இராணுவ விமானம் அனுப்ப வேண்டி வந்தது.

அதே பருவத்தில் இங்கே கிழக்கிலங்கையில், அம்பாறையிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் பெரும்போக வேளாண்மைக்கு யூரியா இல்லை. காரணங்கள் வேறு. அங்கே சீனா தன் பசளை ஏற்றுமதியை இறுக்கியது. இங்கே நம் அரசாங்கமே மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடை விலகியது, ஆனால் விதைத்த பிறகு வரும் அனுமதியால் பயிருக்கு என்ன பிரயோசனம்?

உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களிடம் கொரியா, அவுஸ்திரேலியா, கனடா போன்ற ‘நடுத்தர வல்லரசுகளின் பாதுகாப்பு’ பற்றிக் கேட்டால், பெரும்பாலானவர்கள் படையினர் எத்தனை பேர், பாதுகாப்புச் செலவு எவ்வளவு என்றுதான் தொடங்குவார்கள். முப்பது வருடம் சென்றியும் சுற்றிவளைப்பும் பார்த்த ஊர்களில் பாதுகாப்பு என்றதும் துவக்கு நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் கொரியாவின் யூரியா தெரியாது. கேட்க வேண்டியவை வேறு. எந்தப் பொருள் நின்றால் எத்தனை நாளில் வேலை நிற்கும்? வேறு யாரிடம் வாங்கலாம்? அவர்களிடமிருந்து வந்து சேர எவ்வளவு காலம் எடுக்கும்?

இதைக் கேட்டவுடன் பலரும் எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடுவார்கள்: அப்படியென்றால் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம். இது ஆபத்தான பிழை, ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கும். அரிசியை எடுங்கள். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துத் தண்ணீர் நமது, வயல் நமது, விதைநெல்லும் நமது. ஆனால் யூரியா, டீசல், வெட்டு மெஷினின் உதிரிப்பாகம், களைகொல்லி எல்லாம் கப்பலில் வருகிறவை. இவற்றில் ஒன்றை நிறுத்தினால் சொந்த அரிசியும் குறையும். 2021இல் பசளை இறக்குமதியை நிறுத்தினோம். 2022இல் அரிசியை இறக்குமதி செய்தோம்.

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனபோது, ‘வாழைச்சேனை கடதாசி ஆலை பழையபடி ஓடியிருந்தால்’ என்று இங்கே பலர் பெருமூச்சு விட்டார்கள். நம் வயல் வைக்கோலையே மூலப்பொருளாக எடுத்த ஆலை அது. எனக்கும் அந்த ஆலை முழுதாக ஓட வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் கடதாசி செய்ய இரசாயனம் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும். நாட்டில் டொலர் இல்லாத மார்ச்சில் அதுவும் நின்றிருக்கக்கூடும்.

சரி, அப்போ அடி விழுந்தாலும் வேலை நிற்காமல் பார்க்கும் தாங்குதிறன் எது? கையிருப்பும் மாற்றுவழியும்தான். இரண்டுக்கும் செலவு உண்டு, அதுவும் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற காலத்தில் வீண்போலத் தெரிகிற செலவு. ஒரு வழிப் போக்குவரத்து மட்டும் இருந்த மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் காத்து நின்றவர்களுக்கு, 2013இல் பக்கத்தில் புதிய பாலம் ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. நாடுகள் மட்டும் இதைத் திரும்பத் திரும்ப மறக்கின்றன. உள்நாட்டில் செய்தால் கட்டுப்படியாகவில்லை என்று கொரியா 2011இலேயே யூரியா உற்பத்தியைக் கைவிட்டது. 2021இல் அடிபட்டதும் வேறு நாடுகளில் வாங்கி, சீனாவின் பங்கைக் குறைத்தது. விலை இறங்கியதும் வியாபாரிகள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 2023 டிசம்பரில் சீனா மறுபடியும் யூரியாவைத் தடுத்தபோது, கொரியா ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அங்கிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது.

அவுஸ்திரேலியாவின் கதை இன்னும் விசித்திரம். பிரிஸ்பேனில் கிப்சன் தீவிலுள்ள ஆலை, அடுத்த ஆண்டு முடிவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. டிசம்பரில் லொறிகளுக்கு யூரியாக் கரைசல் தட்டுப்பட, அதே ஆலையிடம்தான் அரசாங்கம் போய் நின்றது. எரிபொருளிலும் அப்படித்தான். 90 நாள் எண்ணெய் இருப்பு வைக்க வேண்டும் என்ற சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் விதியை அந்த நாடு 2012 முதல் நிறைவேற்றவில்லை. 2021இல் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதோடு, மிஞ்சியது இரண்டே இரண்டு. 2020இல் எண்ணெய் மலிந்தபோது அவசரகால இருப்பு வாங்கினார்கள்; அதை வைத்ததோ அமெரிக்காவில். அவசரம் வந்திருந்தால் பசிபிக்கைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

வர்த்தகத் தொகையை மட்டும் பார்த்து, யார் யாரில் தங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டுவது இன்னொரு பிழை. 2020இல் அவுஸ்திரேலிய பார்லிக்குச் சீனா 80.5 வீத வரி போட்டது. பார்லி வேறு சந்தைக்குத் திரும்பியது. சவூதி அரேபியா வாங்கியது. வைனுக்கு 218 வீதம் வரை வரி வந்தது, அது அவ்வளவு இலகுவில் இடம் மாறவில்லை. 2024 மார்ச்சில் வரி நீங்கும்வரை திராட்சைக்காரர்கள் நொந்துபோனார்கள். மிகப் பெரிய வியாபாரமான இரும்புத் தாதைச் சீனா தொடவே இல்லை, ஏனென்றால் அவ்வளவு தாதைத் தர வேறு ஆள் இல்லை. தொகை பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிது என்று சொல்ல முடியாது. மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. ஏற்றுமதியில் முக்கால்வாசியை அமெரிக்காவுக்கு அனுப்பிவந்த கனடாவுக்கு 2025இல் இந்தக் கேள்வி வந்தது. நமக்கும் வந்தது. அந்த ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்றது, ஓகஸ்டில் 20 வீதத்தில் வந்து நின்றது. இடையில் நம் பிள்ளைகள் வேலைசெய்யும் ஆடைத் தொழிற்சாலைகளில் என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியவில்லை.

கடன் பற்றிய பேச்சிலும் ஒரு வசதியான கதை உண்டு: கடன் கட்ட முடியாமல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவிடம் கொடுத்தோம், நாடு விழுந்தது. 2017இல் 99 வருடக் குத்தகைக்கு 112 கோடி டொலர் வந்தது உண்மை. துறைமுகக் கடன் அதனால் அழியவில்லை. அது திறைசேரியின் தலையில் தொடர்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோது கழுத்தை இறுக்கியதில் பெரும்பங்கு சந்தையில் விற்ற சர்வதேசப் பிணைமுறிகள் என்ற கடன் பத்திரங்களுடையது. ஒரு நாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்தப் பிணைமுறிகளை யார் ஏன் விற்றார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

அதோடு டொலர் கையிருப்பு மத்திய வங்கியின் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைப்பதும் பிழை. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கம் எத்தனை வீடுகள் வளைகுடாச் சம்பளத்தில் ஓடுகின்றன? டொலரை 200 ரூபாய் அளவில் கட்டிப்பிடித்து வைத்திருந்தபோது வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் கூடுதலாகக் கொடுத்தார். குடும்பம் எதை எடுக்கும்? வங்கி வழியாக வந்த பணம் 2020இல் 710 கோடி டொலர், 2022இல் ஏறக்குறைய 380 கோடி. அனுப்பியவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த விலையைத் தீர்மானித்தது அவர்கள் இல்லையே.

கடைசியாக, நாட்டின் சராசரியைப் பார்த்துத் திருப்திப்படுவது. 2022 ஓகஸ்டில் எரிபொருளைப் பங்கிட்ட கியூஆர் முறையால் பெற்றோல் வரிசை குறைந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட அதே மாதம், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சினோடு கடலுக்குப் போகிறவருக்கு நெருக்கடி அப்போது இன்னும் இறுகியது. வெள்ளம், புயல் என்றால் நம் மாவட்டங்களில் அனர்த்த முகாமைத்துவப் பிரிவு இருக்கிறது. எரிபொருள் மூன்று வாரம் வராவிட்டால் ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு எவ்வளவு, அறுவடைக் காலத்தில் வெட்டு மெஷினுக்கு எவ்வளவு, வள்ளங்களுக்கு எவ்வளவு என்ற பட்டியலையும் அந்தத் திட்டத்தோடு வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.