பிப்ரவரியில் பெய்த டிசம்பர் மழை: தரவுக் குழுவில் ரெட்ரோ நடத்துவது எப்படி?

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று சென்னையில் இருந்த எவருக்கும் அந்த நாள் மறக்காது. எங்கள் அட்டவணையிலோ அந்த மழை 2015 பிப்ரவரி 12 அன்று பெய்திருந்தது.

நாங்கள் ஐந்து பேர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பை இரண்டு வாரம் முன்னதாகக் கணிக்கும் மாடலைச் செய்துகொண்டிருந்தோம். வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்வோம்; ஸ்பிரின்ட் எனப்படும் ஒரு சுற்று இரண்டு வாரம். கோப்பில் தேதி 02-12-2015 என்று, நாள் முதலிலும் மாதம் அடுத்தும் இருந்தது. அட்டவணைகளைப் படிக்க நாங்கள் பயன்படுத்திய பைதான் நிரல்தொகுப்பு பாண்டாஸ். எங்களிடம் இருந்த அதன் பழைய பதிப்பு, நாம் தனியாகச் சொல்லாவிட்டால், முதலில் வருவது மாதம் என்றே எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதிக்கு மேல் அப்படிப் படிக்க வழியில்லை என்பதால் அவற்றை மட்டும் நாள் முதலாகப் படித்துவிடும். (2023இல் வந்த 2.0 பதிப்பில் இந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டார்கள்.) ஆக, ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள் மட்டும் இடம் மாறின. நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. நாங்கள் மாதச் சராசரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்; அதில் எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாவது ஸ்பிரின்டின் கடைசி நாளில், எங்கள் கணிப்பைப் பயன்படுத்தவிருந்த பொறியாளர் திரையைப் பார்த்துவிட்டு, “பிப்ரவரியில் ஏது இவ்வளவு தண்ணீர்?” என்று கேட்டார்.

அன்று மாலை வழக்கம்போல் ரெட்ரோ, அதாவது முடிந்த ஸ்பிரின்டைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம், நடந்தது. பலகையில் மூன்று பத்திகள்: நன்றாக நடந்தது, சரியாக நடக்காதது, மாற்ற வேண்டியது. ஒட்டுத்தாள்களில் “சோதனை போதவில்லை”, “தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்” என்று வந்தன. எல்லாரும் தலையாட்டினோம். வரும் திங்கள்கிழமை காலை இதை வைத்து என்ன செய்வோம் என்று அன்றிரவே யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. அந்தத் தாள்களைக் கழற்றிவிட்டு, மறுநாளே கூட்டத்தை மீண்டும் கூட்டினேன். இப்போது நான் பின்பற்றும் முறை அன்று பிறந்தது.

கூட்டத்துக்கு முன்பே நாள் வரிசையைத் தயார் செய்யுங்கள். பிழையோடு நேரடித் தொடர்பு இல்லாத ஒருவர் கிட் பதிவுகள் (நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார் என்ற குறிப்புகள்), டிக்கெட்டுகள் (ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் சீட்டுகள்), அரட்டைச் செய்திகள் மூன்றையும் புரட்டி, என்ன நடந்தது, எந்த நாளில் நடந்தது என்பதை மட்டும் எழுதட்டும். கருத்து ஒரு வரிகூட வேண்டாம். அதில் மூன்று நாள்களை வட்டமிடுங்கள்: பிழை உள்ளே வந்த நாள், முதன்முதலில் ஒருவருக்குச் சந்தேகம் தட்டிய நாள், குழு முழுவதற்கும் தெரிந்த நாள்.

எங்கள் பலகையில் முதல் வாரம் புதன்கிழமை கோப்பு உள்ளே வந்திருந்தது. நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் தெரிந்தது. நடுவில் இருக்க வேண்டிய வட்டம் காலியாக இருந்தது. “இடையில் யாருக்காவது ஏதாவது உறுத்தியதா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அமைதி சங்கடமாக இருந்தாலும் நீங்கள் பேசி அதை நிரப்பாதீர்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் தன் நோட்டைத் திறந்து மேசையில் வைத்தார். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை அவர் நாள்வாரியாக வரைந்த வரைபடம் அதில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதியில் ஒரு முள் நின்றது. உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாள்களுக்குள்ளும் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு முழு ஆண்டு சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் பென்சிலால் “ஏன்?” என்று எழுதியிருந்தார்.

“நீங்கள் எல்லாரும் ஏற்கெனவே பார்த்த கோப்பு. எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துவிட்டேன், அக்கா” என்றார்.

அந்தச் செவ்வாய்க்கும் நான்காம் வார வெள்ளிக்கும் இடைப்பட்ட 17 நாள்கள்தான் ரெட்ரோவின் பொருள். தேதி வடிவத்தைத் திருத்த ஒரு வரி போதும். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டியதில்லை. ஒருவருக்குத் தெரிந்தது நால்வருக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேளுங்கள். எங்கள் தினக்கூட்டத்தில் நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், தடை உண்டா என்று மூன்றே கேள்விகள். ஸ்பிரின்ட் முறையில் வேலை செய்வதற்கான ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு அந்த மூன்றையும் எடுத்துவிட்டது, நாங்கள் விடவில்லை. அவரும் நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார்: “வரைபடம் முடிந்தது, தடை இல்லை.” சந்தேகத்தைச் சொல்ல அங்கே இடமே இல்லை. எனவே ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: “எந்த எண் உங்களுக்கு உறுத்துகிறது?”

பேசும் வரிசையில் கறாராக இருங்கள். வயதிலும் பணிமூப்பிலும் இளையவர் முதலில், குழுத் தலைவர் கடைசியில். நம் அலுவலகங்களில் மூத்தவர் வாய் திறந்த பிறகு வருவதெல்லாம் ஆமோதிப்புதான். ஆண்டு மதிப்பீடு எழுதுபவர் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, ஸ்பிரின்டுக்கு ஸ்பிரின்ட் நகர்ந்துகொண்டே போகும் டிக்கெட்டுகளை எடுத்துப் பரப்புங்கள். தரவுப் பணியில் இவை நிறைய சேரும். “மாடலை மேம்படுத்துதல்” என்று ஒன்று எங்களிடம் இருந்தது; அது எந்த நாளில் முடியும் என்று எழுதியவருக்கே தெரியாது. அத்தகைய டிக்கெட்டைக் கேள்வியாக மாற்றி, கெடு வையுங்கள்: “பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரின் அளவைச் சேர்த்தால் கணிப்புப் பிழை குறைகிறதா? இரண்டு நாள்.” குறையவில்லை என்பதும் விடைதான், டிக்கெட் முடிந்தது. ஸ்பைக் என்று பெயரிட்டு மென்பொருள்காரர்கள் நெடுநாளாகச் செய்துவருவதுதான் இது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு மாத ஸ்பிரின்டுக்கு மூன்று மணி நேரம் உச்சவரம்பு என்கிறது அதே வழிகாட்டி. இரண்டு வாரத்துக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். அதில் பாதி நாள் வரிசைக்கே போய்விடும். முடிவு ஒன்றே ஒன்று எடுங்கள். அதற்கு ஒரு டிக்கெட், அதில் ஒருவர் பெயர், அடுத்த ஸ்பிரின்டின் முதல் இடம். அடுத்த ரெட்ரோவை அந்த டிக்கெட்டைத் திறந்துதான் தொடங்க வேண்டும். ஒருமுறை ஆசைப்பட்டு நான்கு முடிவுகள் எடுத்தோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நான்கும் தொடப்படாமல் கிடந்தன.

பிப்ரவரி மழைக்கான ரெட்ரோவில் நாங்கள் எடுத்த ஒரே முடிவு, தினக்கூட்டத்தில் சேர்த்த அந்த நான்காவது கேள்வி. திங்கள்கிழமையே அதற்கு வேலை வந்தது. எங்கள் மூத்த பொறியாளர், சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மழை நாள்களை வைத்து ஒரு சோதனை எழுதியிருந்தார்: கோப்பு ஏறியதும் அந்த நாள்களின் பதிவு சரியான இடத்தில் இருக்கிறதா என்று அது பார்க்கும். முதலில் வைத்திருந்தது வர்தா புயல் கரை கடந்த 2016 டிசம்பர் 12. சோதனை பச்சை காட்டியது. தினக்கூட்டத்தில் கேள்வி சுற்றி வந்தபோது, அதே பெண் கையைத் தூக்கினார்.

“அண்ணா, 12-12-ஐ எப்படித் திருப்பினாலும் 12-12 தானே?”

அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு வர்தாவை அழித்துவிட்டு, மிக்ஜாம் புயலில் நகரம் மூழ்கிய 2023 டிசம்பர் 4-ஐ எழுதினார். பழைய நிரலோடு ஓட்டிப் பார்த்தோம். சிவப்பு விழுந்தது.