மேல் அம்புக்குறிக்கு ஓய்வு கொடுங்கள்

டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்கும் ஜன்னலில், பழைய கட்டளை வேண்டுமென்றால் மேல் அம்புக்குறியை நாற்பது தடவை தட்டாதீர்கள். கன்ட்ரோலோடு ஆர் அழுத்தி, நினைவிருக்கும் ஒரு துண்டை மட்டும் அடியுங்கள். வரியில் காட்பாடி என்றொரு ஃபோல்டர் இருந்தால், 'காட்பா' போதும், முழு வரியும் வந்து நிற்கும். அது இல்லையா? மறுபடி கன்ட்ரோல்-ஆர், அதற்கு முந்தையது வரும். அடித்ததையெல்லாம் பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பின்னாலிருந்து தேடுகிறது, அவ்வளவுதான். வந்த வரியில் கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' இருந்தால் மட்டும் என்டர் தட்டுமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

டெர்மினலை ஒழுங்காக மூடினால்தான் பாஷ் இந்த வரிசையைக் கோப்பில் எழுதும். வேலூர் வெயிலில் மத்தியானம் கரண்ட் போய் டெஸ்க்டாப் அணைந்தால் அன்றைக்கு அடித்தது போச்சு; அவ்வப்போது, அதுவரை அடித்ததைக் கோப்பில் சேர்க்கும் 'ஹிஸ்டரி -ஏ' கொடுத்து வையுங்கள். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் இந்தக் கன்ட்ரோல்-ஆர் தேடல் நடக்காது, அங்கே எஃப்7 தட்டினால் பழைய கட்டளைகளின் பட்டியல் வரும்.