ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலம்: சரியாகத் தெரியும் தவறுகள்

'எஸ்தோய் எம்பராசாதா' என்றால், ஆங்கில 'எம்பாரஸ்ட்' போல ஒலித்தாலும், கூச்சமாக இருக்கிறது என்பதல்ல, கர்ப்பமாக இருக்கிறேன் என்பது. ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியதுமே காதில் விழுகிற எச்சரிக்கை இது. இப்படி ஒலியை நம்பி ஏமாந்தால் வாக்கியமே கோணலாகிவிடும், யாராவது பிடித்துவிடுவார்கள். மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் குறையில்லாமல் வந்து விழும் தவறைத்தான் யாரும் பிடிப்பதில்லை.

'ஆசே' அப்படிப்பட்ட சொல். 'ஆசே தோஸ் ஆன்யோஸ் கே யெகே' என்றால் வந்து இரண்டு வருடமாயிற்று; ஆங்கிலத்தில் 'டூ இயர்ஸ் எகோ'. 'ஆசே தோஸ் ஆன்யோஸ் கே பிபோ அக்கி' என்றால் இரண்டு வருடமாக இங்கேதான் குடியிருக்கிறேன். இதற்கு 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்'. முன்பாதி இரண்டிலும் ஒன்றே. ஆகவே 'ஆசே'யைப் பார்த்ததும் 'எகோ' போடாதீர்கள். பின்னால் வரும் வினை நிகழ்காலமா, இறந்தகாலமா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

நாள் கணக்கு இன்னொரு குழி. பேச்சில் 'ஓச்சோ தியாஸ்' (எட்டு நாள்) என்பது ஒரு வாரம், 'கின்சே தியாஸ்' (பதினைந்து நாள்) இரண்டு வாரம். திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை இரு முனையையும் சேர்த்து எண்ணினால் எட்டுதானே! மருத்துவர் 'கின்சே தியாஸ்' கழித்து வரச் சொன்னால் 'டூ வீக்ஸ்' என்றே எழுதுங்கள். ஒப்பந்தத்தில் வந்தால் மட்டும் எண்ணை மாற்றாமல் 15 நாள் என்றே விடுங்கள். பணத் தொகையில் 'பில்லோன்' வந்தால் அது ஆங்கில பில்லியன் அல்ல, டிரில்லியன். ஆங்கில பில்லியனுக்கு ஸ்பானிஷில் 'மில் மில்லோனெஸ்'. கவனிக்காவிட்டால் மூன்று சுழியம் காணாமல் போகும்.

'புயேனாஸ் நோச்சேஸ்' இரவில் சந்திக்கும்போதும் சொல்வது, பிரியும்போதும் சொல்வது. உள்ளே வருகிறவர் சொன்னால் 'குட் ஈவ்னிங்', கிளம்புகிறவர் சொன்னால் 'குட் நைட்'.

'மே குஸ்தாஸ்' என்பதை ஆங்கில வரிசையில் படித்து 'யூ லைக் மீ' என்று எழுதுபவர்கள் உண்டு; யார் யாரை விரும்புகிறார் என்பதே தலைகீழாகிவிடும். தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'மே' என்பது 'எனக்கு'. எனக்கு உன்னைப் பிடிக்கும் என்று முதலில் தமிழில் வைத்துக்கொண்டால் 'ஐ லைக் யூ' தானாக வரும். 'தே குஸ்தோ' வந்தால் 'தே' என்பது 'உனக்கு'. அதுதான் 'யூ லைக் மீ'.