மேம்பாலத்தையும் கீழ்ச்சாலையையும் ஆங்கிலத்தில் விவரிப்பது எப்படி?

மேம்பாலத்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன், அது எதைக் கடக்கிறது, எவ்வளவு தூரம் நீள்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு சந்திப்பைத் தாண்டி இறங்கிவிடும் பாலத்தை இந்தியாவிலும் பிரிட்டனிலும் ‘ஃப்ளைஓவர்’ என்பார்கள். அமெரிக்காவில் ‘ஓவர்பாஸ்’ என்பதே பெருவழக்கு. சென்னையில் 1973இல் திறக்கப்பட்ட ஜெமினி மேம்பாலம் இவ்வகையைச் சேர்ந்தது. மதுரை நத்தம் சாலையில் உள்ளதைப் போலத் தூண்கள்மீது பல கிலோமீட்டர் நீள்வதை ‘எலிவேட்டட் ரோடு’ என்பது பொருந்தும். ரயில் பாதையைக் கடப்பதை நம் பொறியாளர்கள் ‘ஆர்.ஓ.பி.’ (ரோடு ஓவர் பிரிட்ஜ்) என்று சுருக்குவது வெளிநாட்டவருக்குப் புரியாது என்பதால், அவர்களிடம் ‘எ பிரிட்ஜ் ஓவர் த ரெயில்வே’ என்று விரித்தே சொல்லுங்கள்.

கீழ்ச்சாலையை விவரிக்கும்போதுதான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. பாலத்தைக் குறுக்கே கடந்து செல்லும் சாலைக்கு ‘பாசஸ் அண்டர் த ஃப்ளைஓவர்’ என்றும், பாலத்தின் நிழலிலேயே நீளவாக்கில் ஓடும் சாலைக்கு ‘ரன்ஸ் அண்டர் த ஃப்ளைஓவர்’ என்றும் வினையை மாற்றினால் கேட்பவருக்குப் படம் தெளிவாகும். இந்த இரண்டாவது வகைச் சாலைக்கு எல்லா நாட்டிலும் செல்லும் ஒற்றைப் பெயர்ச்சொல் கிடையாது. அதை ‘அண்டர்பாஸ்’ என்பது தவறு. அச்சொல் மற்றொரு சாலைக்கோ ரயில் பாதைக்கோ அடியில் குறுக்கே புகுந்து வெளியேறும் வழிக்கு உரியது. ‘சர்வீஸ் ரோடு’ என்பதோ பாலத்துக்கு அடியில் அல்லாமல் பக்கவாட்டில், கடைகளையும் வீடுகளையும் ஒட்டி ஓடுவது. ‘சர்ஃபேஸ் ரோடு’ அல்லது வெறுமனே ‘த ரோடு அண்டர் த ஃப்ளைஓவர்’ என்றால் குழப்பம் இராது. சிகாகோவில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. அங்கே ஒரே தெருவின் இரு தளங்களுக்கும் ‘அப்பர் வாக்கர் டிரைவ்’, ‘லோயர் வாக்கர் டிரைவ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

‘சப்வே’ என்ற சொல்லை இடமறிந்து பயன்படுத்த வேண்டும். சென்னையில் அது ரயில் பாதைக்கு அடியில் வாகனங்கள் செல்லும் வழியையும் குறிக்கும்; லண்டனில் நடைபாதைச் சுரங்கம்; நியூயார்க்கிலோ அது சுரங்க ரயில்.

பாலத்தில் நிற்கும் வண்டிக்கு ‘ஆன் த ஃப்ளைஓவர்’ என்பதே சரி. ‘ஓவர் த ஃப்ளைஓவர்’ என்று ஓர் இருப்பிடத்தைச் சொன்னால், பாலத்துக்கும் மேலே, அதைத் தொடாமல் இருப்பதாகப் பொருளாகிவிடும். கத்திப்பாராவில் மேம்பாலத்துக்கும் மேலே போகும் மெட்ரோ பாதைக்கு அது பொருந்தும். எழுத்தில் ‘த ஃப்ளைஓவர் கேரீஸ் அண்ணா சாலை ஓவர் த ஜங்ஷன்’ என்ற அமைப்பு மிகவும் பயன்படும்.

ஏறும் சரிவையும் இறங்கும் சரிவையும் நாம் ‘ராம்ப்’ என்கிறோம். பிரிட்டனின் நெடுஞ்சாலைகளில் அந்த இணைப்புச் சாலைக்கு ‘ஸ்லிப் ரோடு’ என்று பெயர். வழி சொல்லும்போது ‘பாலத்தில் ஏறாதீர்கள், இடப்பக்கமாகக் கீழேயே போங்கள்’ என்பதை ‘டோன்ட் டேக் த ஃப்ளைஓவர், கீப் லெஃப்ட் அண்ட் கோ அண்டர் இட்’ என்று சொல்லலாம். ‘கீப் லெஃப்ட்’ என்பதை ஓட்டுநர் பாலத்தின் அடிவாரத்தை எட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.