சின்னப் பள்ளி மாவட்டத்தின் எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் வகுப்பில் 24 பிள்ளைகள். போன வருடம் 12 பேர் கலிஃபோர்னியா மாநிலத் தேர்வின் தரத்தை எட்டினார்கள், இந்த வருடம் 10 பேர். செய்தியில் இது ‘50 சதவீதத்திலிருந்து 42-க்குச் சரிவு’ என்று வரும். மாறியது என்னவோ இரண்டு பிள்ளைகள்தான்.

கலிஃபோர்னியாவில் 900-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டம் என்றதும் கலெக்டர் இருக்கும் மாவட்டத்தை நினைக்க வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழுவும் தனி பட்ஜெட்டும் உள்ள பள்ளி நிர்வாகம் அது. ஒரே ஒரு பள்ளியை மட்டும் நடத்தும் மாவட்டங்களும் உண்டு. பெரிய மாவட்டத்தை எடைபோடும் பழக்கத்தில் இவற்றின் எண்களைப் படித்தால் கணக்கு தப்பிப்போகும்.

சதவீதத்தைப் பார்த்துவிட்டு, தலைகளை எண்ணாமல் விடுவது

மேலே சொன்ன வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 4.2 சதவீதம். பள்ளியில் எதுவுமே மாறாவிட்டாலும், 24 பேர் கொண்ட குழுவின் 50 சதவீதம் மேலும் கீழுமாக 20 புள்ளி வரை ஆடலாம். அந்த வருடம் யார் குடிவந்தார்கள், யார் ஊர் மாறிப் போனார்கள் என்பதே அதற்குப் போதும். மூன்று வருடங்களைச் சேர்த்து 72 பேராக்கினால் ஆட்டம் 12 புள்ளியாகக் குறையும்.

சேர்க்கும்போது பலர் சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். அது தவறு. 12 பேரில் 9, 25 பேரில் 10, 23 பேரில் 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதங்களின் சராசரி 54. தேறியவர்களைத் தனியாகவும் எழுதியவர்களைத் தனியாகவும் கூட்டினால் 60 பேரில் 30, அதாவது 50. முதல் வருடத்தின் சின்ன வகுப்பு மொத்தக் கணக்கையும் இழுத்துவிட்டது.

போன வருட மூன்றாம் வகுப்பை இந்த வருட மூன்றாம் வகுப்போடு ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு. இரண்டும் வேறு வேறு பிள்ளைகள். போன வருட மூன்றாம் வகுப்பை இந்த வருட நான்காம் வகுப்போடு வைத்துப் பாருங்கள். 2020 வசந்தத்தில் தேர்வே நடக்கவில்லை, 2021-இல் எல்லோரும் எழுதவில்லை. அந்த இரண்டு வருடங்களின் மீது கோடு இழுத்து வளர்ச்சி, வீழ்ச்சி என்று பேச முடியாது.

பள்ளிகளை நிறங்களால் மதிப்பிடும் மாநில இணையதளமான டேஷ்போர்டு, தேர்வு முடிவைச் சதவீதத்தில் காட்டுவதில்லை. தரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று புள்ளிகளில் காட்டுகிறது. மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் தர எல்லை 2432. 2431 எடுத்த பிள்ளையும் 2300 எடுத்த பிள்ளையும் சதவீதக் கணக்கில் ஒரே ‘எட்டவில்லை’. தூரக் கணக்கில் ஒருவருக்கு 1 புள்ளி குறைவு, மற்றவருக்கு 132. சின்ன வகுப்புக்கு இந்த அளவே நியாயமானது என்பது எங்கள் கருத்து.

நட்சத்திரக் குறியைப் பூஜ்யமாகப் படிப்பது

தேர்வு எழுதியவர்கள் 10 பேரோ அதற்குக் கீழோ இருந்தால் முடிவை வெளியிடாமல் நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். எந்தப் பிள்ளை என்ன எடுத்தது என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. மொத்தத்திலிருந்து மற்ற குழுக்களைக் கழித்து அந்த இடத்தை நிரப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சின்ன ஊரில் அது ஒரு குழந்தையின் மதிப்பெண்ணை மேடையேற்றுவதாகும். டேஷ்போர்டில் நிறம் கிடைக்க ஒரு குழுவில் பொதுவாக 30 பேர் வேண்டும். நிறம் இல்லை என்றால் ஆள் போதவில்லை என்று பொருள், பள்ளி மோசம் என்று பொருளல்ல.

தேர்வுக்கு வராதவர்களையும் பாருங்கள். பெற்றோர் கடிதம் கொடுத்து பிள்ளையை விலக்கிக்கொள்ள கலிஃபோர்னியாவில் உரிமை உண்டு. ஆனால் எழுதியவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால், அந்த 95-ஐ எட்டும் அளவுக்கு வராத பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டு டேஷ்போர்டு கணக்கிடும். 100 பேரில் 90 பேர் எழுதினால் 5 பேருக்கு அடிமட்ட மதிப்பெண் சேரும். பெரிய மாவட்டத்தில் பத்துக் கடிதங்கள் கண்ணுக்கே தெரியாது. இங்கே அவை நிறத்தையே மாற்றிவிடும்.

குழுக்களின் பெயரை மட்டும் நம்புவது

ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் மதிப்பெண் எப்போதும் குறைவு என்று குறைப்படுவார்கள். ஆங்கிலம் நன்றாக வந்த பிள்ளை அந்தப் பட்டியலை விட்டு வெளியேறிவிடுகிறது, புதிதாக வந்த பிள்ளை உள்ளே வருகிறது. ஒரு வருடம் நிறையப் பேர் தேறி வெளியேறினால், மிச்சமிருப்பவர்களின் சராசரி இறங்கும். நல்ல வேலை நடந்ததற்கு அடையாளமே சரிவாகத் தெரியும். டேஷ்போர்டு, வெளியேறிய பிள்ளைகளை நான்கு வருடம் வரை அதே குழுவில் வைத்துக் கணக்கிடுகிறது. மாநிலத்தின் இன்னொரு இணையதளமான தேர்வு முடிவுத் தளத்தில், இப்போது பட்டியலில் இருப்பவர்களைத் தனியாகப் பார்க்கலாம். ஒரு வருடத்தை இங்கிருந்தும் இன்னொரு வருடத்தை அங்கிருந்தும் எடுத்து ஒப்பிட்டால் முடிவு பிசகும்.

‘ஆசியர்’ என்ற ஒரே பெட்டியில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மோங் இனக் குடும்பத்துப் பிள்ளையும் இருப்பார்கள். அந்த ஒற்றைச் சராசரி இருவரில் யாரையும் காட்டாது. ஃபிலிப்பினோக்களுக்கு மட்டும் தனிப் பெட்டி உண்டு.

வருமானப் படிவத்தை உணவோடு மட்டும் சேர்த்து நினைப்பது

மதிப்பெண்ணும் மக்கள்தொகையும் பணமும் சந்திக்கும் இடம் இதுதான். 2013 முதல் நடப்பிலுள்ள நிதிச் சூத்திரத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடிப்படைத் தொகை. குறைந்த வருமானக் குடும்பம், ஆங்கிலம் கற்பவர், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர் என்ற மூன்றில் எதில் சேர்ந்தாலும் அந்தப் பிள்ளை ஒருமுறை எண்ணப்படும், இரண்டில் சேர்ந்தாலும் ஒருமுறைதான். மொத்தப் பிள்ளைகளில் இப்படி எண்ணப்பட்டவர்களின் விகிதத்துக்கேற்ப அடிப்படையில் 20 சதவீதம் கூடுதல். விகிதம் 55-ஐத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு மேலும் 65 சதவீதம்.

கணக்குக்கு எளிதாக அடிப்படை 10,000 டாலர், சராசரி வருகை 400 என்போம். விகிதம் 62 என்றால் ஒரு பிள்ளைக்கு 1,240-ம் 455-ம் சேர்ந்து 11,695 டாலர். விகிதம் 54-க்கு இறங்கினால் 1,080 மட்டும் சேர்ந்து 11,080. மாவட்டத்துக்கு வருடத்தில் 2,46,000 டாலர் நஷ்டம், ஏறக்குறைய இரண்டு ஆசிரியர்கள்.

ஊரில் யாருக்கும் வருமானம் கூடாமலே விகிதம் இறங்கலாம். 2022-23 முதல் கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் சாப்பாடு இலவசம். சாப்பாட்டுக்குத் தேவையில்லையே என்று வருமானப் படிவத்தைப் பெற்றோர் நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். கால்ஃப்ரெஷ் (உணவு வாங்க அரசு தரும் பண உதவி) போன்ற உதவி பெறும் குடும்பங்களை அரசுப் பதிவே அடையாளம் காட்டிவிடும். அப்படிப் பதிவில் வராத குடும்பங்களே கைவிட்டுப் போகின்றன. கணக்கெடுப்பு நாள் அக்டோபரின் முதல் புதன்கிழமை. ஆகஸ்டிலேயே சேர்க்கைக் காகிதங்களோடு படிவத்தையும் கொடுத்து, திரும்ப வராத வீடுகளுக்குச் செப்டம்பரில் போன் செய்ய வேண்டும். விகிதம் மூன்று வருடச் சராசரி என்பதால் ஒரு வருடம் தவறவிட்டது முழு அடியாக விழாது. ஆனால் மூன்று வருடத்துக்கு வலிக்கும்.

பணம் சேர்க்கை எண்ணிக்கைக்கு அல்ல, சராசரி வருகைக்கு வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 200 பேர் சேர்ந்து 92 சதவீதம் வந்தால், அந்த வருடச் சராசரி வருகை 184தான். காய்ச்சலில் லீவு போட்டாலும் அந்த நாள் கழிந்துவிடும்.

ஒரு பிள்ளைக்கான செலவை அப்படியே ஒப்பிடுவது

180 பிள்ளைகள் இருந்தாலும் ஒரு சூப்பரின்டென்டென்ட், அதாவது மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகி, வேண்டும். அந்தப் பதவிக்கு 1,60,000 டாலர் ஆகிறதென்றால் தலைக்கு 889 டாலர், 6,000 பிள்ளைகள் உள்ள இடத்தில் தலைக்கு 27. அதிகச் செலவு ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. பாண்டு (கடன் பத்திரம்) மூலம் கட்டடத்துக்கு வந்த பணம் சம்பளத்துக்குப் போகாது, அதைப் பிரித்துவிட்டே பாருங்கள். 2020 தொடங்கி வந்த மத்திய அரசின் கொரோனா நிதியை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒதுக்கி முடிக்க வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் கூடுதலாக வந்ததை வழக்கமான வரவாக நினைத்து நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த மாவட்டங்களில் பிறகு ஆட்குறைப்பு நடந்தது.

கையிருப்பைப் பார்த்து ‘இவ்வளவு பணத்தை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள்’ என்று கோபப்படுவதும் உண்டு. 300 பேர் வரையுள்ள மாவட்டம் செலவில் குறைந்தது 5 சதவீதத்தையும், 1,000 வரை உள்ளது 4 சதவீதத்தையும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி. சிறப்புக் கல்வித் தேவையுள்ள ஒரே ஒரு பிள்ளை நடு வருடத்தில் குடிவந்தால் இந்தக் கையிருப்புதான் தாங்கும்.

மாவட்டம் உண்மையில் நெருக்கடியில் இருக்கிறதா என்று அறிய டிசம்பர் 15-க்குள்ளும் மார்ச் நடுப்பகுதியிலும் வரும் இடைக்கால அறிக்கைகளின் சான்றிதழ்ப் பக்கத்தைப் பாருங்கள். ‘பாசிட்டிவ்’, ‘குவாலிஃபைட்’, ‘நெகட்டிவ்’ என்ற மூன்றில் ஒன்று இருக்கும். ‘குவாலிஃபைட்’ என்றால் இந்த வருடமோ அடுத்த இரண்டு வருடங்களிலோ செலவைத் தாங்க முடியாமல் போகலாம் என்று பொருள். பின்னே வரும் பல வருடக் கணிப்பில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று எழுதியிருக்கிறார்களோ, அதை இன்றைய மழலை வகுப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் 30 பேர் வெளியேற, கீழே 17 பேர்தான் நுழைகிறார்கள் என்றால், ஜூலை 1-க்கு முன் பட்ஜெட் குறித்து நடக்கும் பொது விசாரணையில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.