படித்தும் மார்க் வரவில்லையா? இங்கிலாந்தில் சயன்ஸ் படிக்கும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் வைக்கும் மாதிரிப் பரீட்சையான மாக் முடிந்த வாரத்தில் பெற்றோர் எடுக்கும் தொலைபேசி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "இரவு பகலாகப் படித்தவள் டீச்சர், 5 தான் வந்திருக்கிறது." (இங்கே 9 தான் உச்சத் தரம்.) அதில் பொய் இல்லை. பிள்ளையின் நோட்ஸைத் திறந்தால் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஹைலைட்டர் அடித்து, கல்யாண வீட்டு வாசல் போல இருக்கும். அதை மூடி வைத்துவிட்டு, "தண்ணீர் கொதிக்கும்போது எது உடைகிறது?" என்று கேட்பேன். "ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையில் இருக்கிற பாண்ட்" (பிணைப்பு) என்று பதில் வரும். அப்படி உடைந்தால் கெட்டிலில் இருந்து நீராவியா வரும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்லவா வர வேண்டும்? உண்மையில் விட்டுப்போவது மூலக்கூறுகளுக்கு இடையில் உள்ள ஈர்ப்பு மட்டும்தான்.

அந்தப் பக்கத்தை அவள் பத்துத் தடவை வாசித்திருப்பாள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் சிக்கல். கோடு போடுவதை விட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, புத்தகம் பார்க்காமல் அந்தப் பாடத்தை எழுதிப் பார்க்க வேண்டும். முதல் தடவை பாதிகூட வராது. எதைப் படிக்க வேண்டும் என்பது அந்த வராத பாதியில்தான் இருக்கிறது.

அடுத்தது சொல். நொதி அதிக வெப்பத்தில் "செத்துவிட்டது" என்று எழுதினால் மார்க் இல்லை. நொதிக்கு உயிரே இல்லை, பிறகு எப்படிச் சாகும்? அதன் வடிவம் மாறுகிறது, வினைபடும் பொருள் வந்து சேரும் இடமான ஆக்டிவ் சைட் பொருந்தாமல் போகிறது, அதற்குப் பெயர் டினேச்சர். பரிசோதனையில் எதை மாறாமல் வைத்தாய் என்று கேட்டால் "அமிலத்தின் அமவுண்ட்" என்பார்கள். கொள்ளளவா, செறிவா? திருத்துபவர் ஊகித்து மார்க் போட மாட்டார். "ஹியூமன் எரர்" இன்னொன்று. விடை தெரியாதபோது எல்லோரும் ஓடி ஒளியும் இடம் அது. ஸ்டாப் வாட்சை அழுத்தப் பிந்தியதா, பியூரட் என்ற அளவுக் குழாயைச் சாய்வாகப் பார்த்து வாசித்ததா என்று சொன்னால்தான் மார்க். விவரி என்றால் என்ன நடக்கிறது, விளக்கு என்றால் ஏன் நடக்கிறது. வரைபடத்தைக் காட்டி விவரிக்கச் சொன்ன கேள்விக்கு அரைப் பக்கம் காரணம் எழுதிவிட்டு பூஜ்யம் வாங்கிய கெட்டிக்காரப் பிள்ளைகள் என்னிடமே இருக்கிறார்கள்.

பழைய வினாத்தாள்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே ஏ.க்யூ.ஏ., எடெக்செல், ஓ.சி.ஆர். என்று பல பரீட்சை வாரியங்கள் உண்டு. பிள்ளை எந்த வாரியம் என்று கேட்காமல் கிடைத்த தாளை எல்லாம் அச்சடித்துக் கொடுக்கும் அப்பாமார் நிறையப் பேர். நானும் ஒரு முறை இதே தவறைச் செய்து, ஒரு பையனை அவனுடைய பாடத்திட்டத்திலேயே இல்லாத விஷயத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கட்ட வைத்தேன். அப்புறம், எந்த விடைக்கு எத்தனை மார்க் என்று சொல்லும் மார்க்கிங் ஸ்கீமைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தாள் செய்வது பயிற்சியே அல்ல. முதலில் நேரம் வைத்து எழுத வேண்டும், பிறகு திருத்த வேண்டும், விட்ட கேள்வியை ஒரு வாரம் கழித்து மறுபடி எழுத வேண்டும். வாரியங்கள் வெளியிடும் எக்ஸாமினர் ரிப்போர்ட்டையும் வாசியுங்கள். பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்று திருத்தியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கணக்கு வராது, ஆனால் சயன்ஸ் வரும் என்று சொல்பவர்களுக்கு: 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில் ஃபிசிக்ஸைத் தனிப்பாடமாக எடுத்தால் குறைந்தது 30 சதவீத மார்க் கணக்குத் திறனுக்கு. கெமிஸ்ட்ரியில் 20, பயாலஜியில் 10. அதற்கடுத்த இரண்டு வருடப் படிப்பான ஏ லெவல் ஃபிசிக்ஸில் இது 40 ஆகிறது. ஆனால் பிள்ளைகள் விழுவது பெரிய கணக்கில் இல்லை, அலகில்தான். ஒரு கோப்பைத் தண்ணீர், 200 கிராம் என்று வைப்போம். அதை 10 டிகிரி சூடாக்க எவ்வளவு சக்தி வேண்டும்? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4200 ஜூல் வேண்டும். ஆகவே 0.2 × 4200 × 10, அதாவது 8400 ஜூல். கிராமைக் கிலோவாக மாற்றாமல் 200 ஐ அப்படியே போட்டால் 84 லட்சம் ஜூல் வரும். அது 20 டிகிரியில் இருக்கிற 25 லீட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். எழுதிய விடையை ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

ஆய்வுகூடப் பரிசோதனையை "அது வகுப்பில் செய்தாயிற்று" என்று விட்டுவிடுவதும் நட்டம்தான். ஜி.சி.எஸ்.இ. எழுத்துத் தாள்களில் குறைந்தது 15 சதவீத மார்க் அதிலிருந்து வருகிறது. வரைபடத்தில் புள்ளிகளை ஒன்றோடொன்று கோலம் போல இணைக்கக் கூடாது. அவற்றின் நடுவே போகும் கோடு வேண்டும், தேவையென்றால் அது வளைகோடாகவும் இருக்கலாம்.

ஜி.சி.எஸ்.இ. சயன்ஸில் கடினமான ஹையர் தாளா, எளிதான ஃபவுண்டேஷன் தாளா என்பது வீட்டில் கௌரவப் பிரச்சினை ஆகிவிடுகிறது. ஃபவுண்டேஷனில் உச்சம் 5 தான், உண்மை. ஆனால் ஹையரில் தடுமாறும் பிள்ளை குறைந்த எல்லைக்கும் கீழே போனால் தரமே இல்லாமல் யூ விழும். டீச்சர் ஃபவுண்டேஷன் என்று சொன்னால், சண்டைக்குப் போகும் முன் தாள்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பாடங்களும் சேர்ந்த கம்பைண்ட் சயன்ஸ் என்றதும் முகம் சுருக்குவதும் தேவையில்லை. அது இரண்டு ஜி.சி.எஸ்.இ.க்குச் சமம், நல்ல தரம் வந்தால் அதிலிருந்தும் ஏ லெவல் சயன்ஸுக்குப் போகலாம். ஏ லெவல் சொல்லிக்கொடுக்கும் அந்தந்த சிக்ஸ்த் ஃபார்ம் என்ன தரம் கேட்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்தால் போதும்.

சிக்ஸ்த் ஃபார்மில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு ஊரில் இருந்து வந்தது. இலங்கையில் உயர்தர உயிரியல் பிரிவில் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் மூன்றும் ஒன்றாக எடுத்துப் பழகியவர்கள் நாம். அதனால் டாக்டர் கனவு என்றதும் இங்கேயும் மூன்றையும் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம். இங்கே மருத்துவப் படிப்புகள் பெரும்பாலும் கேட்பது கெமிஸ்ட்ரி, பயாலஜி இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோதான். மூன்றாவது பாடம் பிள்ளைக்கு நன்றாக வருகிற ஒன்றாக இருக்கட்டும். அது வரலாறாகவும் இருக்கலாம். இன்ஜினியரிங் என்றால் கதை வேறு, மேத்ஸ் இல்லாமல் ஏ லெவல் ஃபிசிக்ஸ் எடுப்பது செருப்பில்லாமல் வெயிலில் நடப்பது மாதிரி.

ஜி.சி.எஸ்.இ.யில் 8 வாங்கிய பிள்ளை ஏ லெவலின் முதல் வருடமான இயர் 12 இன் முதல் டெஸ்டில் டி வாங்கி அழும். பொட்டாசியத்தின் எலக்ட்ரான்கள் கூடுகளில் 2,8,8,1 என்று இருக்கும் எனப் படித்தவளிடம் இப்போது அந்தக் கூடுகளுக்குள் எஸ், பி, டி என்று உபகூடுகளைச் சொல்கிறார்கள். "அப்போ போன வருடம் சொன்னது பொய்யா?" என்று ஒருத்தி என்னிடம் கோபித்துக்கொண்டாள். நியாயமான கோபம்தான். ஆர்கானிக் மெக்கானிசத்தில் எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்பு எலக்ட்ரான் ஜோடியில் இருந்துதான் கிளம்ப வேண்டும், கொஞ்சம் தள்ளிக் கிளம்பினாலும் மார்க் போய்விடும். இதையெல்லாம் கிறிஸ்மஸுக்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும். பாடத்தை மாட்யூல் என்று பகுதி பகுதியாகப் பரீட்சை எழுதிய பழைய முறையில் படித்த மச்சான்மார் "ஜனவரியில் மாட்யூலைத் திருப்பி எழுதலாம்" என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2015 இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் இரண்டு வருடப் பாடமும் இயர் 13 முடிவில்தான் பரீட்சைக்கு வருகிறது.

பல்கலைக்கழக விண்ணப்பங்கள் யூகாஸ் என்ற அமைப்பு வழியாகப் போகும்; மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அதன் கடைசித் தேதி அக்டோபர் 15, மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி. மருத்துவ நுழைவுத் தேர்வான யூகேட் பரீட்சையை அந்த அக்டோபர் தேதிக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், ஆகவே இயர் 12 முடிந்த கோடையை முழுக்க ஊர்ப் பயணத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏ லெவல் பரிசோதனைகளுக்கு பிராக்டிகல் எண்டோர்ஸ்மென்ட் என்று தனியாக ஒரு பாஸ் உண்டு. அது ஏ, பி என்ற தரத்தோடு சேராது, ஆனால் சில பல்கலைக்கழகங்கள் அதையும் கேட்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தது 12 பரிசோதனைகள், ஒவ்வொன்றுக்கும் பதிவு. லேப் நாளில் விடுப்பு எடுத்த பிள்ளை, அடுத்த வாரமே டீச்சரிடம் போய் எப்போது திருப்பிச் செய்யலாம் என்று கேட்டுவிட வேண்டும்.