சார்ல்ஸ்டனில் பழைய வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு இளம் தம்பதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அட்லாண்டாவில் இருக்கிறார்கள். இனி வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் தெற்கு கரோலினாவுக்கு, எங்கள் சார்ல்ஸ்டனுக்கே வந்துவிட முடிவு செய்திருக்கிறார்கள். அன்று காலையில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகம் இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது. கைப்பேசியில் படம் காட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "பின்சுவர்ல கொஞ்சம் சாந்து உதிருது அக்கா. நல்லா சிமெண்ட் வச்சுப் பூசிட்டா சரியாயிடும்."

பதினோரு வருடங்களுக்கு முன்பு நான் சொன்ன அதே வார்த்தைகள். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஊர் ஏன் ஆளை இழுக்கிறது என்று எனக்குத் தெரியும். இங்கே 'சிங்கிள் ஹவுஸ்' என்று ஒரு வகை வீடு உண்டு. தெருப்பக்கம் ஒரே ஒரு அறை அகலம்தான், உள்ளே நீளமாகப் போகும். பக்கவாட்டில் தெற்கு அல்லது மேற்கு பார்த்து ஒரு நீண்ட திண்ணை இருக்கும், அதற்குப் பெயர் பியாஸா. தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டீர்கள், பியாஸாவில்தான் நிற்பீர்கள். சாயங்காலம் துறைமுகக் காற்று வரும்போது அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆசையோடு சேர்ந்து வரும் அவசரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். புயல், ஆகஸ்ட் புழுக்கம், சுற்றுலாக் கூட்டம் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பழைய செங்கல் சுவரில் சிமெண்ட் பூசுவது

இந்த ஊரின் பழைய செங்கற்கள் கையால் அறுத்துச் சுட்டவை, மென்மையானவை. அவற்றைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு அது. இடுக்கில் உற்றுப் பார்த்தால் வேகாத சிப்பித் துணுக்குகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். நாகப்பட்டினத்தில் என் தாத்தா வீடும் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டியதுதான். தெரிந்தும் தவறு செய்தேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் கூப்பிட்ட கட்டட வேலைக்காரர் நான்கே நாளில் பின்சுவர் முழுக்கப் பழைய சாந்தைச் சுரண்டிவிட்டு போர்ட்லண்ட் சிமெண்ட் வைத்தார். தெருவிலிருந்து தெரியாத சுவர், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. பார்க்க வரிவரியாக அழகாக இருந்தது. மூன்றாவது வருடம் சுவரில் உப்பு பூத்தது. அப்புறம் செங்கலின் முகம் பொருக்குப் பொருக்காக உரிய ஆரம்பித்தது.

காரணம் எளிது. கடலோர ஊர், சுவரில் எப்போதும் ஓதம் ஏறும். சுண்ணாம்பு இடுக்கு இருந்தால் அந்த ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். உதிர்ந்தால் சாந்துதான் உதிரும், திரும்பப் பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் செங்கலைவிடக் கடினம், ஈரத்தை விடாது. வழி அடைபட்டதும் ஈரம் செங்கல் வழியாக வெளியே வருகிறது. கூடவே வரும் உப்பு செங்கலின் தோலுக்கு அடியில் படிகமாகி அதைப் பிளக்கிறது. போன செங்கல் போனதுதான்.

அந்தச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு செங்கலில் மூன்று சின்ன விரல்களின் பதிவு இருந்தது. இங்கே செங்கல் சூளைகளில் உழைத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், அவர்களுடைய குழந்தைகளும்கூட. காயாத செங்கலைத் தூக்கி வைக்கும்போது பதிந்த விரல்களாகத்தான் அவை இருக்க வேண்டும். வீடு வாங்கிய அன்று என் மகள் தன் விரல்களை அதில் பொருத்திப் பார்த்தாள். ஐந்தாவது வருடம் ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அந்த முகமே உரிந்து தரையில் தூளாகக் கிடந்தது. பணம் போனது வேறு விஷயம். சிமெண்டை உளியால் கையாலேயே எடுத்துச் சுண்ணாம்பு பூச முதல் செலவைப் போல் மூன்று மடங்கு ஆனது. அந்த விரல்களை யாரிடமிருந்து திரும்ப வாங்குவது?

ஆகவே சாந்தைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. கீறலே விழாமல் சாம்பல் நிறமாக இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ என் தவறைச் செய்திருக்கிறார்கள், விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுங்கள். வேலைக்கு வருபவரிடம் "என்ன சாந்து?" என்று முதலில் கேளுங்கள். 1989-ல் ஹ்யூகோ புயல் அடித்தபோது பழைய வேலை தெரிந்த கைகள் போதவில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்த கட்டடக் கலைக் கல்லூரி ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைக்கவே மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜன்னலை மாற்றிவிட்டு அனுமதி கேட்பது

தெருவிலிருந்து தெரியும் எதையும் மாற்ற முதலில் நகராட்சியின் அனுமதி. 1931-லிருந்து இங்கே அதுதான் வழக்கம்.

பியாஸாவைக் கண்ணாடி போட்டு அடைப்பது

வேண்டாம்.

4 சதவீதம் தானாக வரும் என்று நினைப்பது

நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு, வீட்டு மதிப்பில் 4 சதவீதத்தை வைத்துத்தான் சொத்து வரியைக் கணக்கிடுவார்கள், மற்றதற்கு 6. விண்ணப்பித்தால்தான் 4. கூடவே பள்ளிச் செலவுக்கான வரியிலும் பெரும்பகுதி கழியும். கையெழுத்துப் போட்ட வாரமே கவுண்டி (மாவட்ட) அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

வெயில் நாளில் மட்டும் வீடு பார்ப்பது

பழைய நகரம் இருக்கும் தீபகற்பத்தின் தாழ்ந்த பகுதிகளில் பல இடங்கள் ஒரு காலத்தில் உப்பங்கழிகள், தூர்த்து மேடாக்கியவை. வாட்டர் ஸ்ட்ரீட் என்ற பெயரே அங்கே ஓடிய ஓடையால் வந்தது. பௌர்ணமி, அமாவாசைக் கடல் ஏற்றத்தின்போது ஒரு சொட்டு மழை இல்லாமலே சில தெருக்களில் கடல்நீர் நிற்கும், உப்புத் தண்ணீரில் கார் ஓட்ட வேண்டிவரும். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசாங்க வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். வீடு வாங்கும் கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான், இங்கே பழைய வீடுகளின் விலைக்கு அது எந்த மூலைக்கு? வெள்ளமட்டத்தோடு ஒப்பிட்டு வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் உயரச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு விலை பேசுங்கள்.

அந்தத் தம்பதி அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி வருகிறார்கள். ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து நானும் கூடப் போகிறேன். ரப்பர் பூட்ஸ் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.